வலிக்காத புண்

அம்மாவை அளக்க ஒரு சிஸ்டர் இன்ச் டேப்போடு வந்தார். படுத்திருப்பவரை உச்சந்தலையிலிருந்து குதிகால் வரை அளப்பதைக் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்த என் அக்கா, அங்கேயே தரையில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். எங்கள் ஊரில் குழி வெட்டுகிறவர்தான் ஆளை அளப்பார். சத்தம் கேட்டு வெளியே வந்த சிஸ்டர், "ஐயோ, அதுக்கில்லம்மா. வென்டிலேட்டர்ல ஒரு மூச்சுக்கு எவ்வளவு காத்து குடுக்கணும்னு கணக்குப் போட உயரம் வேணும்" என்றார்.

2023 டிசம்பர் 25, காலை. வேலூரில் ஒரு பெரிய மருத்துவமனை. வராந்தா முழுக்கக் காகித நட்சத்திரங்கள் தொங்கிக்கொண்டிருந்தன.

அம்மாவின் உயரம் 150 சென்டிமீட்டர். அந்த உயரத்துக்கு இருக்க வேண்டிய எடை என்று ஒரு சூத்திரம் வைத்திருக்கிறார்கள். அம்மாவுக்கு 43 கிலோ சொச்சம் வந்தது. கிலோவுக்கு 6 மில்லி வீதம், ஒரு மூச்சுக்குச் சுமார் 260 மில்லி காற்று. ஆள் குண்டா ஒல்லியா என்பது கணக்கிலேயே வராது, உடம்பு பெருத்தாலும் நுரையீரல் பெருக்காது என்பதால். வீங்கி ஈரமாகிக் கிடக்கும் நுரையீரலுக்குள் அதிகக் காற்றை அடித்தால், காப்பாற்ற வந்த மெஷினே அதைப் புண்ணாக்கிவிடும். ஒரு காலத்தில் இதைப்போல இரண்டு மடங்கு காற்று கொடுத்தார்களாம். 2000-இல் அமெரிக்காவில் வெளியான ஒரு பெரிய ஆய்வு, காற்றைக் குறைத்தால் இறப்பு 40 சதவீதத்திலிருந்து 31 சதவீதமாக இறங்குகிறது என்று காட்டிய பிறகுதான் இந்த டேப் வழக்கம் வந்தது. இதெல்லாம் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், ஏழு நாளைக்கு முன்பு வரை அம்மா ஏரிக்கரையில் மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தாள் என்பது மட்டும்தான்.

எங்கள் ஊர் ஆரணிக்குப் பக்கம். அப்பா இல்லை. அம்மாவுக்கு அப்போது 58 வயது. ஒரு கறவை மாடு, அரை ஏக்கர் கழனி. அந்த டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் மழை வந்துபோனது நினைவிருக்கும். மழை விட்டதும் கரையெல்லாம் புல் கிளம்பிவிட்டது. மல்லாட்டைக்குக் களை வெட்டப் போகிற வழியில் புல் அறுப்பது, வேலிக்காத்தான் ஓரம் சும்மாட்டுத் துணியை விரித்து உட்கார்ந்து சோறு தின்பது, சாய்ந்து கொஞ்சம் கண்ணை மூடுவது. வருடம் முழுக்க அவள் செய்கிற காரியங்கள்தான்.

18-ஆம் தேதி திங்கட்கிழமை காய்ச்சல் வந்தது. மண்டையைப் பிளக்கிற தலைவலி, உடம்பெல்லாம் அடித்துப் போட்ட வலி. மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை. புதன்கிழமை பக்கத்து ஊர் கிளினிக்கில் ஊசி, ஒரு பாட்டில் குளுக்கோஸ். இரத்தம் எடுத்துப் பார்த்ததில் தட்டணுக்கள் 74,000-ஆகக் குறைந்திருந்தன. டெங்கு என்று வீட்டில் முடிவே கட்டிவிட்டார்கள். பப்பாளி இலைச் சாறு, நிலவேம்புக் கசாயம் எல்லாம் இறங்கின. டெங்கு டெஸ்ட் நெகட்டிவ். வெள்ளிக்கிழமை டைபாய்டுக்கான விடால் டெஸ்ட் பாசிட்டிவ் என்று வந்தது. உடனே செஃப்ட்ரியாக்சோன் என்கிற ஆன்டிபயாடிக் ஊசி, ஒரு நாளைக்கு இரண்டு வேளை.

அந்த டாக்டரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் கையில் இருந்த தாள்களைப் பார்த்தால் நானும் அதையேதான் செய்திருப்பேன். ஆனால் விடால் டெஸ்ட் நம் ஊரில் பழைய தொற்றுக்கும், சம்பந்தமில்லாத காய்ச்சலுக்கும்கூட பாசிட்டிவ் காட்டும் என்பது மருத்துவர்கள் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. ஐந்து நாள் காய்ச்சலுக்கு அதை மட்டும் வைத்து முடிவுக்கு வந்துவிட்டார்கள் என்றால், நாம் ஒரு கேள்வி கேட்கலாம்: "சார், ஸ்க்ரப் டைபஸா இருக்குமா?" புல்லிலும் புதரிலும் இருக்கிற ஒரு சின்னப் பூச்சி கடித்து வருகிற காய்ச்சல் அது. இந்த ஒரு வரி தெரியாததன் விலையை நாங்கள் கொடுத்தோம்.

சனிக்கிழமை வைகுண்ட ஏகாதசி. விடிகாலை சொர்க்கவாசலுக்குப் போகாமல் அம்மா படுத்துக்கிடக்கிறாள் என்று அக்கா போனில் சொன்னபோதுதான் எனக்குப் பயம் வந்தது. சென்னையிலிருந்து மதியத்துக்குள் ஊர் போய்ச் சேர்ந்தேன். அம்மா பேசினாள், கஞ்சி குடித்தாள். வறட்டு இருமல் மட்டும் புதிதாக இருந்தது. "ஊசி போட்டிருக்கு, காலைல இறங்கிடும்" என்றார்கள். நானும் நம்பினேன்.

ஞாயிறு காலையில் அவள் பேசுவதைக் கேட்டேன். ஒரு வாக்கியத்தை இரண்டு மூச்சில் சொன்னாள். "மாட்டுக்குத் தண்ணி", நிறுத்தி ஒரு மூச்சு, "காட்னியா?" கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்ஸிமீட்டர் அலமாரியில் பாட்டரி செத்துக் கிடந்தது. டிவி ரிமோட்டிலிருந்து பாட்டரியைப் பிடுங்கிப் போட்டுப் பார்த்தால் 84. விரல் சில்லிட்டிருக்கும் என்று தேய்த்துவிட்டு மறுபடி வைத்தேன். 84. போர்வை ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுதாக எண்ணினேன்: 38 தடவை. ஓய்வாகப் படுத்திருக்கும் பெரியவர்களுக்கு 12-லிருந்து 20 வரைதான் இருக்க வேண்டும். மெஷின் எதுவும் தேவையில்லை, கடிகாரம் போதும். காய்ச்சல்காரரின் மூச்சு 25-ஐத் தாண்டினால் அன்றைக்கே ஆஸ்பத்திரி, 30-ஐத் தாண்டினால் அந்த நிமிடமே வண்டி. அதுதான் இப்போது எங்கள் வீட்டுக் கணக்கு. நாங்கள் தெர்மாமீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தோம், மூச்சை ஒருவரும் எண்ணவில்லை.

டவுன் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். கறுப்பாக இருக்க வேண்டிய இரண்டு பக்கமும் சுண்ணாம்பு அடித்தது மாதிரி வெளுத்திருந்தது. வென்டிலேட்டர் படுக்கை காலியில்லை. ஆக்ஸிஜன் வைத்து 108-இல் வேலூருக்கு அனுப்பினார்கள். இரவு எட்டரை மணி.

அங்கே எமர்ஜென்சியில் இருந்த இளம் பெண் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "அம்மா இன்னா வேலை செய்றாங்க?" என்பதுதான். கழனி வேலை, புல் அறுப்பாங்க என்றதும் சிஸ்டரைப் பார்த்தார். சிஸ்டர் திரையை இழுத்துவிட்டு என்னை வெளியே போகச் சொன்னார். ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது, அக்காவை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். இடது மார்புக்குக் கீழ் மடிப்பில், உளுந்தம்பருப்பைவிடக் கொஞ்சம் பெரிதாக, கறுப்புப் பொருக்கு. சுற்றிலும் சிவப்பாக ஒரு வளையம். சிகரெட்டால் சுட்டது மாதிரி. எஸ்கார் என்று பெயர் சொன்னார்கள். ஸ்க்ரப் டைபஸ் பூச்சி கடித்த இடத்தின் அடையாளம்.

பின்னால் அம்மாவிடம் கேட்டேன், அது எப்போது வந்தது என்று. காய்ச்சலுக்கு மூன்று நாள் முன்னாலேயே கையில் தட்டுப்பட்டதாம். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "வலிக்கலபா. வலிச்சா சொல்லமாட்டேனா?" என்றாள்.

இந்த நோயின் சூட்சுமமே அங்கேதான் இருக்கிறது. பூச்சி கடித்த இடம் வலிக்காது, பெரும்பாலும் அரிக்கவும் செய்யாது. அதுவும் துணி இறுக்கமாகப் படிகிற, வியர்க்கிற இடமாகப் பார்த்துத்தான் பெரும்பாலும் இருக்கும்: அக்குள், இடுப்புப் பாவாடை நாடா கட்டுகிற இடம், தொடை இடுக்கு, மார்புக்குக் கீழே, பிறப்புறுப்பு, காதுக்குப் பின்னால். அம்மா மாதிரி ஒரு பெண்மணி இந்த இடங்களை மகனிடம் காட்டமாட்டாள். கிளினிக்கில் சேலைக்கு மேலேயே ஸ்டெதஸ்கோப் வைக்கிற டாக்டரிடமும் காட்டமாட்டாள். அவரும் கேட்கமாட்டார். ஆறு நாள் நான்கு பேர் அவளைப் பார்த்தோம். நோயின் பெயர் அவள் உடம்பிலேயே எழுதியிருந்தது, கூச்சம் அதை மூடி வைத்திருந்தது. எல்லாருக்கும் இந்தப் பொருக்கு இருக்காது, இல்லையென்பதால் நோய் இல்லை என்று ஆகாது. ஆனால் இருந்துவிட்டால் கிட்டத்தட்ட வேறு சாட்சியே வேண்டாம்.

"ரிசல்ட் வர வரைக்கும் காத்திருக்க மாட்டோம். மருந்து இப்பவே ஆரம்பிக்கிறோம்" என்றார் டாக்டர். ஐ.ஜி.எம். எலைசா டெஸ்டுக்கு இரத்தம் போனது. மறுநாள் பாசிட்டிவ் என்று வந்தது. காய்ச்சலின் முதல் நான்கைந்து நாளில் இதே டெஸ்ட் எடுத்திருந்தால் நெகட்டிவ் வந்திருக்கலாம், அதற்கான எதிர்ப்பொருள் உடம்பில் உருவாக அவ்வளவு நாளாகும். ஒருமுறை நெகட்டிவ் வந்ததை வைத்து நிம்மதியாகிவிட வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன். அதேபோல, குணமான பிறகும் அது பல மாதம் பாசிட்டிவ் காட்டும். அம்மாவுக்குச் சரியாகி இரண்டு மாதம் கழித்து ஓர் உறவினர் வற்புறுத்தி மறுபடி டெஸ்ட் எடுக்கவைத்து, வீடே இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தது தனிக்கதை.

சரி, ஒரு பூச்சிக் கடிக்கும் நுரையீரலுக்கும் என்ன சம்பந்தம்? ஐ.சி.யூ. பெரிய டாக்டர் ஒரு காகிதத்தின் பின்பக்கம் படம் போட்டுக் காட்டினார். இந்தக் கிருமியின் பெயர் ஓரியன்ஷியா சுட்சுகமுஷி. பின்பாதி ஜப்பானிய வார்த்தை; சுட்சுகா என்றால் தீங்கு, முஷி என்றால் பூச்சி. செய்திகளில் உண்ணிக் காய்ச்சல் என்று எழுதுகிறார்கள், ஆனால் இது மாட்டு மடியில் பிடுங்கி எறிகிற உண்ணி இல்லை. புதரிலும் புல்லிலும் எலிகளை அண்டி வாழ்கிற, ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத சிலந்திப்பேன் வகைப் பூச்சி. அதிலும் அதன் குஞ்சு மட்டும்தான் கடிக்கும். எலிக்காகக் காத்திருப்பது, நாம் போய் உட்கார்ந்தால் நம்மேல் ஏறிவிடுகிறது. கடித்து ஒரு வாரம், பத்து நாள் கழித்துத்தான் காய்ச்சல் வரும். அதனால்தான் யாருக்கும் கடி ஞாபகம் இருப்பதில்லை.

கிருமி போய் உட்காருகிற இடம் இரத்தக் குழாய்களின் உள்பக்கத் தோல். உடம்பு முழுக்க. அது புண்ணாகிவிட்டால் குழாயிலிருந்து நீர் கசியும். "ஏரிக்கரை நல்லா இருந்தா தண்ணி உள்ளயே நிக்கும். கரையில எலி வளை போட்டா?" என்று கேட்டார். எங்கள் ஊர்க்காரர் இல்லை, ஆனால் யாரிடம் எதைச் சொன்னால் புரியும் என்று தெரிந்தவர். நுரையீரலில் காற்றறைகளைச் சுற்றித்தான் இரத்தக் குழாய்கள் வலை பின்னியிருக்கின்றன. அங்கே கசிந்தால் காற்று இருக்க வேண்டிய அறைக்குள் நீர். அது ஏ.ஆர்.டி.எஸ். என்கிற நிலை. இரத்தத்தில் சேர்கிற ஆக்ஸிஜனை, நாம் கொடுக்கிற ஆக்ஸிஜனின் பங்கால் வகுப்பார்கள். நன்றாக இருக்கிறவர்களுக்கு 400-க்கு மேல் வரும். 300-க்குக் கீழே போனால் ஏ.ஆர்.டி.எஸ்., 100-க்குக் கீழே என்றால் மிக மோசம். அம்மாவுக்கு 92.

இங்கே இன்னொன்றும் சொன்னார். கரை கசிகிறபோது ஏரியில் தண்ணீரை ஏற்றக் கூடாது. காய்ச்சல் என்றாலே ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றினால் தெம்பு வரும் என்று நாமே டாக்டரிடம் கேட்டு வாங்கிக்கொள்கிறோம். இரத்த அழுத்தம் விழுந்தவருக்கு அது தேவைப்படும், மற்றபடி இந்த நோயில் தேவைக்கு மேல் ஏற்றுகிற ஒவ்வொரு பாட்டிலும் நுரையீரலில்தான் போய்த் தேங்கும். அம்மாவுக்கு நான்கு நாளில் ஆறு பாட்டில் ஏறியிருந்தது. அதில் இரண்டு அக்கா வற்புறுத்தி ஏற்றியது. அவளிடம் இதை நான் சொல்லவில்லை.

செஃப்ட்ரியாக்சோன் ஏன் கேட்கவில்லை என்பதற்கும் பதில் கிடைத்தது. அந்த வகை மருந்துகள் கிருமியின் வெளிச்சுவரை உடைத்துக் கொல்பவை. இந்தக் கிருமிக்கு அப்படிப்பட்ட சுவரே சரியாகக் கிடையாது, போதாததற்கு அது நம் செல்லுக்குள் ஒளிந்து வாழ்கிறது. செல்லுக்குள் நுழைகிற மருந்துதான் வேண்டும்: டாக்ஸிசைக்ளின், அசித்ரோமைசின். இரண்டாம் உலகப் போரில் பர்மாக் காடுகளில் ஏராளமான சிப்பாய்களை இந்தக் காய்ச்சல் சாய்த்தது, அப்போது சரியான மருந்து இல்லை. 1948-இல் கோலாலம்பூரில் குளோராம்ஃபெனிகாலைக் கொடுத்துப் பார்த்தபோதுதான் இது மருந்துக்கு நன்றாகக் கட்டுப்பட்டது. இன்றைக்கு டாக்ஸிசைக்ளின் மாத்திரை மூலை மெடிக்கல் ஷாப்பில் சில ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஏழு நாள் மாத்திரையை மொத்தமாக வாங்கினாலும் நான் சென்னையிலிருந்து வந்த பஸ் கட்டணத்தைவிடக் குறைவு.

அம்மாவுக்கு இரண்டு மருந்தையும் சேர்த்து நரம்பு வழியாக ஏற்றினார்கள். அதற்குக் காரணம் அந்த ஆண்டு மார்ச் மாதம்தான் வெளியாகியிருந்தது. வேலூர் சி.எம்.சி.யின் டாக்டர் ஜார்ஜ் வர்கீஸ் தலைமையில், இந்தியாவின் பல மருத்துவமனைகளில், தீவிர ஸ்க்ரப் டைபஸ் வந்த 794 பேரிடம் நடந்த ஆய்வு. டாக்ஸிசைக்ளின் மட்டும், அசித்ரோமைசின் மட்டும், இரண்டும் சேர்த்து என்று மூன்று பிரிவு. அதில் சேர்ந்தவர்களில் பத்துக்கு ஆறு பேருக்கு அம்மாவைப் போல மூச்சுப் பிரச்சினை இருந்தது. இறந்தவர்கள், ஏழாம் நாளும் உறுப்புக் கோளாறு நீடித்தவர்கள், ஐந்தாம் நாளும் காய்ச்சல் விடாதவர்கள் எல்லாரையும் சேர்த்துக் கணக்கிட்டால், ஒற்றை மருந்துக்காரர்களில் ஏறக்குறைய பாதிப் பேர். இரண்டும் வாங்கியவர்களில் மூன்றில் ஒரு பங்கு. இறப்பை மட்டும் தனியே எடுத்தால் பெரிய வித்தியாசம் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். தீவிரமாகாத ஸ்க்ரப் டைபஸுக்கு இதில் ஒரு மருந்து போதும். கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின். எது யாருக்கு என்பது டாக்டரின் வேலை, இதைப் படித்துவிட்டு யாரும் கடையில் போய் நேரே கேட்டுவிடாதீர்கள்.

இனி நான் செய்த தப்பு.

முதலில் முகத்தோடு இறுக்கிக் கட்டுகிற மாஸ்க் வைத்துத்தான் மெஷினில் போட்டார்கள். சிலருக்கு அதிலேயே சரியாகிவிடும் என்றார்கள். அம்மா அதைப் பிய்த்துப் பிய்த்து எறிந்தாள். விடிகாலை நாலு மணிக்கு மூச்சு 40-க்கு மேல் போய்விட்டது. டியூப் போட்டு வென்டிலேட்டர் வைக்க வேண்டும், கையெழுத்துப் போடுங்கள் என்றார்கள். "டியூப் போட்டா திரும்பி வரமாட்டாங்க" என்று கொரோனா காலத்திலிருந்து எல்லார் மண்டையிலும் ஏறியிருக்கிறதே, அது எனக்கும் ஏறியிருந்தது. பெரிய மாமாவுக்குப் போன் போட்டேன், சித்தப்பாவுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை, மறுபடி போட்டேன். நாற்பது நிமிடம். அந்த நாற்பது நிமிடமும் அம்மா கழுத்துச் சதை உள்வாங்க, தோள் தூக்க, கழனியில் ஏற்றம் இறைக்கிற ஆள்மாதிரி மூச்சு இழுத்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அந்த இளம் டாக்டர்தான் வந்து, "அண்ணா, அவங்க களைச்சுட்டாங்க. நுரையீரல் தானா ஆறிடும், மருந்து உள்ள போயிட்டிருக்கு. அது ஆற வரைக்கும் மூச்சு விடற வேலைய நாங்க செய்றோம். அவ்ளோதான்" என்றார். போட்டேன். இந்த மாதிரி ஆறக்கூடிய நோயில் வென்டிலேட்டர் என்பது சுமைதாங்கிக் கல் மாதிரி என்று அன்றே யாராவது சொல்லியிருந்தால் நான் அவ்வளவு நேரம் இழுத்திருக்க மாட்டேன்.

அன்று மதியமே அவளைக் குப்புறக் கவிழ்த்தார்கள். ஐந்து பேர் சேர்ந்து, ஒருவர் தலையையும் டியூபையும் மட்டும் பிடித்துக்கொண்டு, ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணிப் புரட்டினார்கள். பதினாறு மணி நேரம் அப்படியே. மல்லாந்து கிடக்கிறபோது நுரையீரலின் முதுகுப் பக்கம் நசுங்கி நீர் தேங்கியிருக்கும். கவிழ்த்தால் அந்தப் பக்கம் விரிந்து காற்று ஏறும். மூன்று நாள் இப்படித் திருப்பித் திருப்பிப் போட்டார்கள். முகம் அதைத்துப்போய், உதடு தடித்து, பார்க்க வேறு யாரோ மாதிரி இருந்தாள். முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள், அதனால் தாங்கிக்கொண்டோம். உங்கள் வீட்டில் யாருக்காவது நேர்ந்தால் அந்த வீக்கத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், திருப்பிப் போட்டதும் வற்றிவிடும்.

மருந்து ஆரம்பித்த இரண்டாம் நாள் காய்ச்சல் அடியோடு நின்றது. ஒரு வாரமாக எந்த ஊசிக்கும் அசையாத காய்ச்சல். நுரையீரல் அவ்வளவு சீக்கிரம் கேட்கவில்லை. நடுவில் சிறுநீரகக் கணக்கு ஏறியது, டயாலிசிஸ் வேண்டியிருக்கலாம் என்றார்கள், அப்புறம் தானாக இறங்கியது. டிசம்பர் 31 காலை டியூபை எடுத்தார்கள்.

சினிமாவில் டியூபை எடுத்ததும் கண்ணைத் திறந்து மகனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். அம்மா என்னைப் பார்த்து, "கட்ட அவுத்து வுடுறா, பால் கறக்கற நேரமாச்சு" என்று குரலே இல்லாமல் கத்தினாள். கையில் போட்டிருந்த நரம்பூசிக் குழாயைக் கயிறு என்று நினைத்துக்கொண்டிருந்தாள். தன்னை யாரோ கொட்டகையில் மாட்டோடு கட்டிவைத்திருப்பதாக இரண்டு நாள் அழுதாள். ஐ.சி.யூ.வில் நிறையப் பேருக்கு இப்படிப் புத்தி தடுமாறுமாம். எதிர்த்துப் பேசாமல், இன்றைக்கு என்ன கிழமை, எங்கே இருக்கிறோம், மாட்டை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னார்கள். வீட்டிலிருந்து அவளுடைய கண்ணாடியைக் கொண்டுவந்து மாட்டிவிட்டது நிறைய உதவியது என்று நினைக்கிறேன்.

தொண்டை இரண்டு வாரம் கரகரத்தது. முதலில் தண்ணீரை ஸ்பூனில் கொடுத்து, புரையேறவில்லை என்று உறுதி செய்த பிறகுதான் கஞ்சி. அரை டம்ளரைத் தூக்க முடியாமல் கை நடுங்கியது. டாக்ஸிசைக்ளினை மாத்திரையாக மாற்றியபோது சிஸ்டர் கறாராகச் சொன்னார்: நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு டம்ளர் தண்ணீர் முழுக்கக் குடித்து விழுங்க வேண்டும், உடனே படுக்கக் கூடாது, உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கிவிடும். பால், இரும்புச்சத்து மாத்திரை, நெஞ்செரிச்சல் மருந்து இவற்றோடு சேர்த்து வேண்டாம், மருந்து உடம்பில் சேராது. வெயிலில் நின்றால் தோல் சிவக்கும்.

ஜனவரி 9-ஆம் தேதி வீட்டுக்கு வந்தோம், பொங்கலுக்கு ஆறு நாள் முன்னால். பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை: முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டை எங்களிடம் இருந்தது, ஆனால் ஊரில் டிரங்குப் பெட்டிக்குள். அது கைக்கு வந்து சேர ஒரு நாளாயிற்று. அட்டையை இப்போதே போட்டோ எடுத்து போனில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று பந்து இருக்கிற ஊதுகுழலை வைத்து அம்மா தினமும் மூச்சுப் பயிற்சி செய்தாள். பேரப்பிள்ளைகள் அதை ஊதிப் போட்டி போட்டு உடைத்துவிட்டார்கள், இன்னொன்று வாங்கினோம். பிப்ரவரி எக்ஸ்ரேயில் நுரையீரல் பழையபடி கறுத்திருந்தது. முடி கொத்துக் கொத்தாகக் கொட்டி மறுபடி முளைத்தது. கழனிக்குத் திரும்பப் போக நான்கு மாதமாயிற்று.

திரும்பப் போகக் கூடாது என்று நான் சொல்லிப் பார்த்தேன். அது நடக்கிற காரியமா? வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் சுமார் 32,000 பேரைப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2025-இல் வெளியானது. அந்த ஊர்களில் ஆண்டுக்குப் பத்தில் ஒருவர் வரைகூட இந்தக் கிருமியிடம் மாட்டுகிறார்களாம், பெரும்பாலானவர்களுக்குக் காய்ச்சலே வராமல் போய்விடுகிறது. அதாவது இது காட்டுக்குள் இல்லை, எங்கள் வாசலில் இருக்கிறது. தடுப்பூசி கிடையாது, ஒருமுறை வந்தால் மறுபடி வராது என்றும் இல்லை. ஆளிடமிருந்து ஆளுக்கு ஒட்டாது, அது ஒன்றுதான் ஆறுதல். அதனால் பேரம் பேசிக்கொண்டோம். அவள் கழனிக்குப் போகலாம். புல் தரையில் துணி விரித்துப் படுக்கக் கூடாது, தார்ப்பாய் வாங்கிக்கொடுத்திருக்கிறேன். முழுக்கைச் சட்டை. டீட் கலந்த பூச்சி விரட்டிக் களிம்பைக் கால் கையில் தடவுவது. அந்த வாசனை அவளுக்குப் பிடிக்கவில்லை, ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தடவுகிறாள் என்று அக்கா சொல்கிறாள். வந்ததும் பீர்க்கன் நார் போட்டு நன்றாகத் தேய்த்துக் குளியல், கட்டியிருந்த துணி நேரே வெந்நீரில். துவைத்த துணியை வேலிமேல் காயப்போடுவதை நிறுத்திக் கொடி கட்டினோம். வீட்டையொட்டிய புதரை வெட்டி, விறகுக் குவியலைத் தள்ளிப் போட்டோம். எலி அதில்தான் குடியிருந்தது.

போன கார்த்திகையில் ஊருக்குப் போயிருந்தேன். எதிர்வீட்டுப் பெரியம்மா திண்ணையில் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாலு நாள் காய்ச்சல், கிளினிக்கில் ஊசி போட்டாகிவிட்டது, டெங்கு இல்லையாம். அம்மா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, பேச்சுக்கொடுத்துக்கொண்டே நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்தாள். அப்புறம் கையைப் பிடித்து எழுப்பி உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள். "அடச்சீ, வுடுடி" என்று பெரியம்மாவின் குரல் கேட்டது. கொஞ்ச நேரம் சத்தமில்லை.

அம்மா வெளியே வந்து என்னைப் பார்த்தாள்.

"இடுப்புல இருக்குது. வண்டிய எடு" என்றாள்.